தேரோடும் வீதியில் காலுக்கு இடமுண்டா?

கோபன்ஹேகன் போய்வந்த நம்மவர்களின் பயணக் குறிப்புகளில் ஸ்ட்ரோகெட் கடைவீதி பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். மனைவி மக்களோடு ஒரு பகல் முழுவதும் காலாற நடந்தோம், ஒரு வண்டியும் குறுக்கிடவில்லை என்று வியந்து எழுதுவார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் 1962 நவம்பர் வரை அந்த வீதியிலும் கார்கள்தான் நெரிந்தன. சோதனை முயற்சியாக வாகனங்களைத் தடுத்தபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். தெருவில் உலாவ டேனிஷ்காரர்கள் என்ன இத்தாலியர்களா என்றுகூட வாதம் எழுந்தது. பிறகு அந்தக் குளிர்நாட்டவரும் உலாவத்தான் செய்தார்கள்.

சிதம்பரத்துக்கு இந்தப் பாடத்தைக் கடல்கடந்து கற்கவேண்டிய தேவையில்லை. கோயிலைச் சூழ்ந்த நான்கு வீதிகளும் தேரின் அகலத்துக்கும் மனித நடையின் வேகத்துக்கும் ஏற்ப அமைந்தவை. கீழ வீதியில் தொடங்கித் தெற்கு, மேலை, வடக்கு என்று பேரனும் பாட்டியுமாகச் சுற்றிவந்துவிடலாம். திசை சொல்ல நான்கு கோபுரங்கள் இருக்கின்றன. ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி, ஆண்டுக்கு இருமுறை, ஐந்து தேர்கள் புறப்படும்போது வண்டிகள் விலகிக்கொள்ள, ஊரே குடும்பத்தோடு வீதியில் இறங்குகிறது. அதனால் எந்தக் கடையும் நொடித்துப்போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மற்ற நாட்களில் அதே வீதியில் குழந்தையின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களுக்கிடையே நுழைந்து நுழைந்துதான் போகவேண்டியிருக்கிறது.

இவ்வூரில் நடை வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் தில்லைக்குள் புகத் தயங்கி அதன் எல்லையையே வலம்வருகிறார். அவர் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916-இல் பள்ளி கண்டதும் இங்கேதான். யாருடைய கால் எந்தத் தெருவில் படலாம் என்ற கேள்வி இங்கே மிகப் பழையது. இன்று சட்டத்தின் முன் தெரு எல்லோருக்கும் பொது. ஆயினும் வண்டியில்லாதவருக்கும் முதியவருக்கும் இடுப்பில் பிள்ளையோடு வருகிறவருக்கும் அது ஒதுங்கி ஒதுங்கிக் கடக்கும் இடமாகவே இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. முன்னது கொடுமை, பின்னது அலட்சியம்.

கடலூரின் கதை வேறு. அது பல ஊர்கள் சேர்ந்த ஊர். திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934-இல் ஜெயகாந்தன். தேவனாம்பட்டினத்தில் 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை இருந்தது. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள நிலமும் வாங்கியவர்க்கே என்பது பேரம். அப்படிச் சுட்டு வளைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தபடியே சொல்ல இதைவிட நல்ல சரித்திரம் எது? சொல்லலாம்தான், ஆனால் பின்னாலிருந்து அலறும் ஹாரனுக்கு நடுவே எதைச் சொல்வது? புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளைச் சந்தித்ததே சென்னையில் ஒரு நாற்சந்தியின் ஓரமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான். நிற்க ஓரமே இல்லாத தெருவில் அந்தக் கதை தொடங்கியிருக்காது.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. சிதம்பரத்தில் முதலில் கீழ வீதி மட்டும், ஞாயிறுதோறும், மாலை நான்கு மணியிலிருந்து ஒன்பதுவரை. சரக்கு லாரிகள் காலையிலேயே வந்து போகட்டும். ஆம்புலன்சுக்கு எப்போதும் வழியிருக்கட்டும். கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினக் கடற்கரைவரை இடையறாத ஒரு நடைபாதை. இரண்டு ஊரிலும் நிழலில் சில பெஞ்சுகள், குடிநீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய ஒரு கழிப்பறை.