இரவல் வாய்

ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுப்பதாகச் சொல்லிக் கொண்டு நம் ஊர்களில் ஒரு வியாபாரம் அமோகமாக நடக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்குப் போகிறவர்களிடம் 'உபயோகமான சொற்றொடர்கள்' என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். அபிப்பிராயம் சொல்ல ஒரு வரிசை, மறுத்துப் பேச ஒரு வரிசை, ஒன்றும் தோன்றாதபோது நேரத்தைக் கடத்த ஒரு வரிசை. இதை நெட்டுருப் போட்டால் தேறிவிடலாமாம். இந்தப் பட்டியல் பேச வைப்பதில்லை, பேச வந்தவரின் வாயை அடைக்கிறது என்பது என் கட்சி.

1989-ல் தொடங்கிய அந்தப் பரீட்சையில் பேச்சுப் பகுதி 11 நிமிஷத்திலிருந்து 14 நிமிஷம் வரை நடக்கும். நடுவில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கையும் எடை போட்டு, ஒன்பதுக்குள் ஒரு எண்ணைப் போடுவார்கள். சொன்ன விஷயம் மெய்யா பொய்யா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பட்டியல்காரர்களின் தைரியமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. சரக்கைப் பார்க்காத தராசு என்றால், சாக்கை உப்ப வைத்தால் போதுமே!

ஊரில் அடியோடு மாறிப்போன ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண், நர்ஸ். அவள் தெருக்கோடிக் குளம் தூர்ந்து பஸ் நிலையமாகிவிட்டது. அதைப் பற்றி அவளுக்குத் துக்கமும் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் வாய் திறந்ததும் என்ன வருகிறது? "தட் இஸ் எ வெரி இன்டரஸ்டிங் கொஸ்டின். டு பி பெர்பெக்ட்லி ஆனஸ்ட், இட் கோஸ் விதவுட் சேயிங்..." சொல்லாமலே விளங்கும் என்று ஆரம்பித்த பிறகு அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அரை நிமிஷம் போய்விட்டது, குளம் இன்னும் வந்து சேரவில்லை.

சரி, மார்க்காவது கிடைக்கிறதா? பரீட்சை நடத்துகிறவர்களே மதிப்பெண் விளக்கத்தை வெளியிட்டிருக்கிறார்கள். மனப்பாடப் பேச்சு என்ற விவரம் அதில் அடிமட்டப் படிகளில்தான் வருகிறது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய இந்தப் பரீட்சையை எழுதுகிறவர்களுக்குப் பேச்சில் ஏழு வேண்டும். ஒரு தடவை உட்கார 15,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டுகிற குடும்பங்களும் உண்டு. அந்தப் பணத்தோடு விளையாடுகிறது இந்தப் பட்டியல்.

"பயந்து நடுங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். 'அதாவது', 'என்னவென்றால்', 'பாருங்களேன்' என்று தமிழிலும் நாம் பிடித்துக் கொண்டுதான் பேசுகிறோம். ஆனால் அவற்றை எந்தப் பட்டியலிலிருந்து படித்தோம்? சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அவை கூடவே வந்து ஒட்டிக் கொண்டன. கதை எழுதுகிற எனக்கு இது தொழில் சங்கதி. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பரீட்சகர் பாவம், மூடவும் முடியாது.

1913-ல் கேம்பிரிட்ஜ்காரர்கள் தங்கள் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை முதன்முதலாக நடத்தியபோது மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மூவருமே தோற்றார்கள். மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கியம், ஒலியியல், வாய்மொழி என்று 12 மணி நேரம் வாட்டி எடுத்த பரீட்சை அது. அந்தக் கொடுமை திரும்ப வேண்டாம். ஆனால் பத்துச் சொற்றொடரை வைத்துக் கொண்டு அதன் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

பயிற்சி நிலையத்து ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்யலாம். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் குளத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எத்தனை படித்துறை, யார் மண் கொட்டினார்கள், ஊரில் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று உடைந்த ஆங்கிலத்திலேயே சொல்லட்டும். நடுவில் குறுக்கிடாதீர்கள், முடித்த பிறகு திருத்துங்கள். 'தூர்த்துவிட்டார்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவள் கேட்பாள். ஆசிரியரே அகராதியைப் புரட்ட வேண்டி வரலாம். புரட்டட்டும்.