வருஷம் பிறந்தால் போதுமா?

ஜனவரி முதல் தேதி நெருங்கிவிட்டால் நம் ஜனங்களுக்கு இரண்டு வேலைகள் வந்துவிடுகின்றன. ஒன்று, வரப்போகும் வருஷம் தங்களுக்கு எப்படியிருக்கும் என்று ராசிபலன் பார்ப்பது. மற்றொன்று, "இந்த வருஷம் முதல் குடிக்கமாட்டேன், கடன் வாங்கமாட்டேன், தினமும் படிப்பேன்" என்று சங்கற்பம் செய்துகொள்ளுவது.

முதல் வேலையைப் பற்றி நமது வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக ஜனத்தொகை 2022-ம் வருஷத்திலேயே 800 கோடியை எட்டிவிட்டது. அதை 12 ராசிக்கும் பங்கிட்டால் ராசி ஒன்றுக்குச் சுமார் 66 கோடிப் பேர் வருகிறார்கள். இந்த 66 கோடிப் பேருக்கும் ஒரே வாரத்தில் பணம் வருமென்றும், ஒரே வாரத்தில் வயிற்றுவலி வருமென்றும் எழுதுகிறவன் பிழைக்கத் தெரிந்தவன். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.

நிற்க, இரண்டாவது வேலையைப் பற்றித்தான் நாம் இன்று சற்று விரிவாய்ப் பேச வேண்டியிருக்கின்றது. சங்கற்பம் செய்துகொள்ளுவது நல்ல காரியமே. ஆனால் நம்மவர்கள் அதைச் செய்கிற மாதிரியைப் பார்த்தால், அதுவும் ராசிபலனுக்கு உடன்பிறந்ததாகவே காணப்படுகின்றது. எப்படியெனில், ராசிபலன் பார்க்கிறவன் தன் காரியத்தைக் கிரகம் செய்துவிடும் என்று நம்புகிறான். சங்கற்பக்காரனோ தேதி செய்துவிடும் என்று நம்புகிறான். தன் கையை நம்பாததில் இருவரும் ஒருவரே.

அந்தத் தேதிக்குத்தான் என்ன சக்தி இருக்கின்றது? ஜனவரி முதல் தேதி என்பது கி.மு. 153 முதல் ரோமாபுரியின் கான்சல்கள் என்னும் அதிகாரிகள் பதவியேற்ற நாள். நம் நாட்டு வருஷப் பிறப்போ, தை முதல் நாள் என்று 2008-ல் சட்டமாயிற்று. 2011-ல் மறுபடியும் சித்திரையாயிற்று. சட்டசபையில் கை தூக்கினால் இடம் மாறிவிடக்கூடிய ஒரு நாளுக்கு, ஒரு மனிதனுடைய குடியை நிறுத்தும் சக்தி எங்கிருந்து வரும் என்று கேட்கின்றோம்.

சென்ற டிசம்பரில் நாம் ஒரு கூட்டத்திற்காக விருத்தாசலம் சென்றிருந்தோம். அவ்வூர்ப் பீங்கான் பேட்டையை வாசகர்கள் அறிவார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் களிமண்ணைக் கொண்டு பொம்மைகளும், அகல் விளக்குகளும், மின்சாரச் சாமான்களும் செய்கிற சிறு தொழிற்சாலைகள் அங்கு உண்டு. அங்கு அச்சு வார்க்கும் தோழர் ஒருவர் கூட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்தார்.

"மூணு வருஷமா ஜனவரிக்கு ஜனவரி சபதம் எடுக்கறேன் ஐயா. போன தடவை கோயில்ல சூடம் அணைச்சே சத்தியம் பண்ணினேன். பொங்கலுக்குள்ள மறுபடியும் கடைக்குப் போயிட்டேன். எல்லாத்துக்கும் ஒரு வேளை வரணும் போல" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, அதே பேட்டையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவர், "அவருக்கு வருஷத்துக்கு ஒரு சபதம், எனக்கு வாரத்துக்கு ஒரு கடன்" என்றார். இவர்களுக்கு ஒரே பெண். அப்போது ஐந்தாவது முடிக்க இருந்தாள். அவ்வூரிலேயே பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசாங்கக் கல்லூரி ஒன்று இருக்கின்றது. பத்தாவது தேறியவர்கள் டிப்ளமோ படிக்கலாம். பெண்ணை அதில் சேர்க்க வேண்டும் என்பது தாய் தகப்பன் இருவருக்கும் ஆசை. ஆசைக்கும் பெண்ணுக்கும் நடுவில் கடை நிற்கின்றது.

நாம் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "தோழரே, சூளையில் சாமான் வெந்துவிட்டது என்பதற்கு நீங்கள் வேளை பார்ப்பதுண்டா?"

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கெதுக்கு ஐயா வேளை? உள்ளே கூம்பு வெச்சிருப்போம். கூம்பு வளைஞ்சாத்தான் வெந்ததுன்னு அர்த்தம்."

இந்தக் கூம்பை 1886-ல் செய்து காட்டியவர் ஹெர்மன் சேகர் என்கிற ஜெர்மன் ரசாயன நிபுணர். குறிப்பிட்ட சூட்டில் இளகி வளையும்படி கலந்து செய்த ஒரு சிறு மண் கூம்பு, அவ்வளவுதான். ஆனால் அது வந்த பிறகு, வெந்ததா வேகவில்லையா என்பதில் குருட்டு யூகத்திற்கு வேலை குறைந்துபோயிற்று. நம் சங்கற்பங்களுக்கு இல்லாதது இந்தக் கூம்புதான் என்பதே நமது அபிப்பிராயம். "நன்றாய் இருப்பேன்", "சேமிப்பேன்", "படிப்பேன்" என்றால் எவ்வளவு, எப்போது, எதைக் கண்டு முடிந்ததென்று தெரிந்துகொள்வது? அளவில்லாத சங்கற்பம் கூம்பில்லாத சூளை போன்றது.

இதை நாம் பிறருக்குச் சொல்லும் வெறும் உபதேசமாய்க் கொள்ளவேண்டாம். நாம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். "இந்த வருஷம் நிறையப் படிக்க வேண்டும்" என்று பத்து வருஷகாலம் சங்கற்பம் செய்து, புஸ்தகங்களை வாங்கி அடுக்கிக் கரையானுக்குக் கொடுத்திருக்கின்றோம். பிறகு ஒரு வருஷம், "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவுடன் இரண்டு பக்கம்" என்று மட்டும் வைத்துக்கொண்டு, படித்த நாளைக் காலண்டரில் கோடு போட்டு வந்தோம். இரண்டு பக்கம் கேலிக்குரியதாய்த் தோன்றலாம். வருஷத்திற்கு 730 பக்கம் என்று கணக்குப் பார்த்தால் கேலி நின்றுவிடும். இன்று நாம் நாலு வரி எழுதுகின்றோம் என்றால் அது அந்தத் தட்டு கழுவிய புண்ணியமேயொழிய, சரஸ்வதி கடாட்சமல்ல.

இனி, தவறிவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. அமெரிக்காவில் 1980-களில் புது வருஷச் சங்கற்பம் செய்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வாரம் வரை காப்பாற்றியவர்கள் 100-க்கு 77 பேர். இரண்டு வருஷம் வரை காப்பாற்றியவர்கள் 19 பேரே. எனவே தவறுவது விருத்தாசலத்துக்காரருக்கு மாத்திரம் ஏற்பட்ட தலையெழுத்தல்ல. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், ஒரு புதுப் பழக்கம் படிவதற்குச் சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் ஆகுமென்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் கெட்டுப்போய்விடவில்லை என்றும் கண்டார்கள். பீங்கான் தொழிலாளிக்கு இது புதிதல்ல. சுடாத மண் சாமான் உடைந்தால் அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து மறுபடியும் அச்சில் வார்க்கிறார்கள். ஐந்தாம் தேதி உடைந்த சங்கற்பத்தை அடுத்த ஜனவரி வரையில் தூக்கிப் போட்டுவைப்பானேன்? ஆறாம் தேதி வார்த்துக்கொள்ளக் கூடாதா?

"கூலிக்காரனுக்கு லட்சியம் ஒரு கேடா? கூலி போதாதபோது கோடு போட்டு என்ன ஆகும்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தனி மனிதனின் கட்டுப்பாடு ஒன்றினாலேயே வறுமை ஒழிந்துவிடும் என்று சொல்லுகிறவர்கள் முதலாளிகளின் தரகர்களே ஆவார்கள். ஆனால் தொழிலாளிகள் கூடிச் சாதித்ததும் இந்த முறையில்தான் என்பதை மறக்கக்கூடாது. 1886-ல் சிக்காகோவில் தொழிலாளர்கள் "எங்களை நன்றாய் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாய்க் கேட்கவில்லை. "8 மணி நேர வேலை" என்று அளவு போட்டுக் கேட்டார்கள். 1923-ல் சென்னையில் தோழர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோதும் அந்த அளவு மாறவில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்திற்கு 48 மணி என்று ஏறிற்று. அளவு வைத்துக் கேட்டதனால்தான், கொடுத்ததா கொடுக்கவில்லையா என்று காண முடிந்தது.

அன்றிரவு அந்தத் தோழரும் அவர் மனைவியும் நம் எதிரிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சனிக்கிழமை கூலி வாங்கும்போது இருவரும் சேர்ந்து வாங்குவது. கடை இல்லாத தெரு வழியாய் வீட்டுக்குப் போவது. மாதம் 500 ரூபாய் தபாலாபீஸ் மாதாந்திரச் சேமிப்பில் கட்டுவது. அந்தக் கணக்குக்குத் தவணை 5 வருஷம், அதாவது 60 மாதம். பெண் ஆறாவதிலிருந்து பத்தாவது முடிக்கவும் 5 வருஷம். பெண் பரீட்சை எழுதி முடிக்கும் சமயத்தில் கட்டிய பணம் 30,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். சபதம் எதுவும் செய்யவில்லை. சூடம் அணைக்கவில்லை. சம்பளத் தாளின் பின்புறத்தில் அந்த அம்மாள்தான் எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் இனி ஒருநாளும் கடைக்குப் போகமாட்டார் என்று நாம் ஜோசியம் சொல்ல வரவில்லை. போனாலும் போகலாம். ஆனால் பாஸ் புஸ்தகத்தில் எந்த மாதம் வரி விழுந்தது, எந்த மாதம் விழவில்லை என்பது மனைவிக்கும் பெண்ணுக்கும் தெரிந்துபோகும். விழாத மாதத்திற்குக் கிரகத்தின்மேல் பழி போட முடியாது.

தோழர்களே! இந்த வருஷம் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று யாரையும் கேட்காதீர்கள். இந்த வருஷத்தில் நீங்கள் செய்யப்போவது எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரே ஒரு காரியத்தைக் காகிதத்தில் எழுதி, வீட்டிலுள்ளவர்கள் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். வருஷம் தானாகப் பிறந்துவிடும். மற்றது எதுவும் தானாக நடக்காது.