அப்பாவுக்கும் ஒரு பத்தியம்!

பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்குப் பத்தியம் பார்க்க ஆள் உண்டு. பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம் என்று பாட்டிமார்கள் பட்டியலே வைத்திருப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட, தூளி கட்ட ஆள் உண்டு. எல்லாம் சரி... அந்தக் குழந்தையின் அப்பாவை யாராவது, 'நீ எப்படிப்பா இருக்கே?' என்று கேட்டதுண்டா? 'ட்ரீட் எப்போ?' என்றுதான் கேட்கிறோம்!

என்னிடம் வரும் இளைஞர்களில் சிலர், 'நெஞ்சு எரியுது, தூக்கமே வரலை, எதுக்கெடுத்தாலும் கோபம் வருது டாக்டர்' என்பார்கள். நாடி பார்த்துக்கொண்டே, 'வீட்ல என்ன விசேஷம்?' என்று கேட்டால், 'குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகுது' என்று பதில் வரும். இரவுத் தூக்கம் கெட்டால் பித்தம் மிஞ்சும் என்பது எங்கள் வைத்தியத்தின் பாலபாடம். சூரணம் தரலாம். ஆனால் அந்தப் பையனுக்குச் சூரணம் மட்டும் போதாது.

பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். தகப்பனுக்கும் அது வரும். 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 28,000 பேரைப் பற்றிய விவரங்கள் அதில் அடக்கம். மனைவி கர்ப்பமான நாளிலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரையிலான காலத்தில், ஏறக்குறைய பத்தில் ஒரு தகப்பனுக்கு மனச்சோர்வு இருந்ததாம். அதிலும் குழந்தைக்கு 3 முதல் 6 மாதம் ஆகும்போதுதான் அதிகம்.

நம் வீடுகளில் அது எந்தச் சமயம் என்று யோசியுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு திரும்பும் சமயம்! அதுவரை அவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. வீடியோ காலில் பிள்ளையைக் கொஞ்சியவன். திடீரென்று ராத்திரி 2 மணிக்கு அழுகிற குழந்தையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வான்? பசி அழுகையா, வயிற்று வலியா என்று தெரியாமல் விழிப்பான். 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க' என்று ஒரு சொல் விழும். அவ்வளவுதான்! ஆபீஸிலேயே நேரத்தைக் கடத்த ஆரம்பிப்பான். சிலர் பாட்டிலைத் தேடுவார்கள். அவதிப்படுவது தாயும் பிள்ளையும்தான்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'எஸ்.எம்.எஸ். ஃபோர் டாட்ஸ்' என்ற திட்டம் அது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போதே கணவனின் செல்போனுக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். சில செய்திகள் குழந்தையே அப்பாவிடம் பேசுவது போல இருக்கும். நடுநடுவே 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்றும் கேட்பார்கள். 'முடியலை' என்று பதில் வந்தால், போனில் பேசி உதவ ஆள் உண்டு.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 'கில்காரி' திட்டத்தில், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள். 2016-ல் தொடங்கிய இது பல மாநிலங்களுக்குப் போயிருக்கிறது. அதன் நோக்கம் தாய்-சேய் நலம். நான் கேட்பது, அப்பாவுக்கென்றே தமிழில் ஒன்று. கர்ப்பிணிக்கு 'பிக்மி' எண் பதியும்போதே கணவரின் செல் நம்பரையும் வாங்கி, 'அப்பாவுக்கு' என்று குறித்துக்கொள்ளலாமே!

செய்தி நீளமாக இருக்க வேண்டாம். 'ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை தேன் கூடாது. யார் நாக்கில் தடவ வந்தாலும் நீங்கள் தடுங்கள்.' 'இன்று ராத்திரி ஏப்பம் விட வைப்பது உங்கள் வேலை.' இப்படி ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். தாய்வீட்டில் மனைவி இருக்கும் மாதங்களிலேயே இவன் பாடம் படித்துவிடுவான்.

'அந்தக் காலத்து அப்பாக்கள் செல்போன் பார்த்தா பிள்ளை வளர்த்தாங்க?' என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அப்போது வீடு நிறைய அத்தை, சித்தி, பாட்டி இருந்தார்கள். அப்பா குழந்தையைத் தூக்காவிட்டாலும் வண்டி ஓடியது. இன்று ஃபிளாட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இன்னொருவர் சாய்ந்துவிடுவார். லீவும் பெரிதாக இல்லை. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு.

ஒன்று மறக்கக் கூடாது. செய்தி வழி காட்டும், மடியில் வாங்கிக்கொள்ளாது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை நீடித்தால், வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாமியார்களே, மனைவிமார்களே! திட்டம் வரும்போது வரட்டும். இன்றைக்கே குழந்தை வேலையில் ஒன்றை அப்பாவிடம் முழுசாக விட்டுவிடுங்கள். துணி மாற்றுவதோ, தூங்க வைப்பதோ... முதல் பத்து நாள் கோணல்மாணலாகத்தான் செய்வார். கையிலிருந்து பிடுங்காதீர்கள். அவருக்கு அதுதான் பத்தியம்!