ஆடுகிற கொக்கியைத் தட்டாதீர்கள்

என் பட்டறைக்கு வேலை பழக வந்த பையன் முதல் நாளே ஓர் உபகாரம் செய்தான். டேப்பின் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதாம். சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டான். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கித் தகடு எவ்வளவு கனமோ, அவ்வளவு தூரம் அது நகரும். அதனால்தான் பலகை விளிம்பில் மாட்டி இழுத்தாலும், அலமாரிக்குள் முட்டவைத்து அளந்தாலும் அளவு சரியாக வருகிறது. புது டேப் வாங்கினேன், வேறென்ன செய்ய.

மூலைமட்டத்தைக் கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கவே கூடாது என்பது என் கட்சி. நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த விலகல் உண்மையான கோணலைப்போல இரண்டு மடங்கு என்பதால் கண்ணுக்குத் தப்பாது.

பென்சில் கோடு அறுப்புக்குப் போதும். பொருத்துக்கு நான் கத்தியால்தான் கீறுவேன். உளி அந்தக் கீறலில் தானாகவே உட்காரும். நாலு கதவுக்கும் ஒரே அளவென்றால் டேப்பைத் தொடுவதேயில்லை. ஒரு ரீப்பர் துண்டில் குறித்து, அதையே நாலிலும் வைத்துப் பார்ப்பேன். பையன் லேசர் வாங்கச் சொல்கிறான். சுவருக்கு வாங்கலாம், பலகைக்கு வேண்டாம் என்றேன்.