பிடி அரிசி போதாது, பிடி பயறு வேண்டும்

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் ஏறுகிறவர்களில் பலர், தூங்குகிற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். இரவு வீடு திரும்பும்போதும் பிள்ளை தூங்கியிருக்கும். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் தமிழர்களின் பிழைப்பு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

இடைப்பட்ட பகலில் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது? ரசம் சாதம், டீயில் நனைத்த பன். வயிறு நிறைந்துவிடும், உடம்புதான் தேறாது. பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருப்பதைத்தானே ஊட்ட முடியும்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். அதுவும் பெருமைப்படும் கணக்கல்ல. மூன்று வயதானால் அங்கன்வாடியில் சூடான சாப்பாடு உண்டு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்குத்தான் மாவும் பருப்பும் தருகிறார்கள். பசியுள்ள வீட்டில் அது எல்லோருக்கும் பங்காகிவிடும். வளர்ச்சியைத் தீர்மானிப்பதோ முதல் இரண்டு வருடங்கள்.

இத்தனைக்கும் கோலார் வறண்ட மாவட்டமென்றாலும் வெறும் மாவட்டமல்ல. கேழ்வரகு விளைகிறது, பால் கறக்கிறது. விலை சரிந்தால் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்கள். விளைவதற்கும் ஊட்டுவதற்கும் நடுவே ஆளில்லை என்பதுதான் குறை.

அந்த நடு ஆள்தான் உணவு வங்கி. 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்த நம் வீட்டுப் பெண்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்று ரேஷனில் அரிசி கிடைக்கிறது. பானையில் விழ வேண்டியது பாசிப்பயறு, வேர்க்கடலை, முட்டை, கேழ்வரகு மாவு. பிஸ்கட் பாக்கெட்டோடு போட்டோ எடுக்க வருகிறவர்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடலாம்.

வங்கி என்றால் கணக்கும் வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் மேல்கையை நாடாவால் அளந்தால் போதும்: சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. 12.5-க்குக் கீழே என்றால் அந்த வீட்டுக்குப் பயறும் முட்டையும் முதலில் போகட்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அங்கன்வாடி அக்கா காட்டிக்கொடுப்பார்.

ராபர்ட்சன்பேட்டை வியாபாரிகளே, ஆண்டர்சன்பேட்டை இளைஞர் மன்றங்களே, பெங்களூரில் வேலைக்குப் போய் நல்ல நிலைக்கு வந்துவிட்ட தங்கவயல் பிள்ளைகளே! லைனுக்கு ஒரு டப்பா வையுங்கள். இந்த மாதமே வையுங்கள்.