ஆண்டுக் கட்டணம் இல்லை, சேர்!

வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்டணம் குறைந்த கடனட்டை எது என்று கேட்போருக்கு நம் வங்கிகளிடம் ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்றே: "ஆண்டுக் கட்டணம் இல்லை, சேர்." சென்னைக்கு வைத்தியத்துக்கும் கல்யாணச் சேலைக்கும் போகும் வெள்ளவத்தைக் குடும்பமும், மகளைப் பார்க்க இலண்டன் புறப்படும் கொட்டாஞ்சேனை ஓய்வூதியரும் அந்தப் பதிலோடு திருப்திப்பட்டு வீடு திரும்புகிறார்கள். கேட்ட கேள்விக்கு அது பதிலே அல்ல.

வெளிநாட்டுக் கடையில் அட்டையை நீட்டும்போது வீசாவோ மாஸ்டர்கார்ட்டோ தனது அன்றைய நாணயமாற்று வீதத்தைப் போடுகிறது. அதன்மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று நம் வங்கி தன் பங்கை ஏற்றுகிறது. மாதக் கணக்கறிக்கையில் பல வேளைகளில் அது தனி வரியாக வருவதில்லை. மாற்று விலைக்குள்ளேயே கரைந்துவிடும். ஆண்டுக் கட்டணம் மூவாயிரம் ரூபாய், ஏற்றப்படும் பங்கு நூற்றுக்கு மூன்று என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சென்னையில் மூன்று இலட்சம் செலவழிக்கும் குடும்பத்திடம் ஒன்பதாயிரம் போய்விடுகிறது. மூவாயிரத்தை மன்னித்த வள்ளலும் ஒன்பதாயிரத்தை எடுத்தவரும் ஒருவரே.

நாணய ஏற்ற இறக்கத்தின் ஆபத்துக்காகவே அந்தப் பங்கு என்பார்கள் வங்கியாளர்கள். யாருடைய ஆபத்து? சேலை வாங்கிய நாளின் வீதமா, கணக்கில் பதிவாகும் நாளின் வீதமா என்றால், பெரும்பாலும் பின்னதுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வாங்கியதற்கும் பதிவானதற்கும் இடைப்பட்ட நாட்களின் வீழ்ச்சியை அட்டைக்காரரே சுமந்தார். ஆபத்தும் நமக்கு, அதற்கான கூலியும் நம்மிடமிருந்தா?

இன்னொரு கண்ணியும் உண்டு. தியாகராய நகர்க் கடையொன்றில் இயந்திரம் "இலங்கை ரூபாயா, இந்திய ரூபாயா?" என்று கேட்டது. என்னைக் கேளாமலே காசாளர் இலங்கை ரூபாயை அழுத்திவிட்டார். நம் நாணயத்தில் தொகையைப் பார்க்க மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று வீதத்தை வைப்பது கடையும் அதன் இயந்திரத்தை இயக்கும் நிறுவனமும். அவர்களின் இலாபம் அதற்குள்ளேயே இருக்கிறது. எப்போதும் அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள்.

இவையெல்லாம் மாற்ற முடியாத விதிகள் அல்ல. அமெரிக்காவில் இத்தகைய நாணயமாற்றுக் கட்டணங்கள் பற்றிய வழக்கை முடிக்க வீசா, மாஸ்டர்கார்ட் மற்றும் சில வங்கிகள் 2006 இல் 33 கோடி 60 இலட்சம் டொலர் தர இணங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், கடையிலோ ஏ.டி.எம். இயந்திரத்திலோ நாணயத்தை மாற்றித் தருவோர், ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தைவிட எத்தனை வீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். நமது மத்திய வங்கியும் 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. டொலருக்கான வீதத்தை அது நாளாந்தம் வெளியிடவும் செய்கிறது. அந்த வீதத்துக்கும் நம்மிடம் அறவிட்ட வீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு கணக்கறிக்கையிலும் ரூபாயில் அச்சிடும்படி வங்கிகளைப் பணிக்க என்ன தடை? கணினிக்கு அது ஒரு கழித்தல் கணக்கு.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் அனுப்பும் பவுணை இங்கே ரூபாயாக்கி, அதே ரூபாயைச் சென்னையில் மறுபடியும் வெளிநாட்டு நாணயமாக்கினால் இரண்டு தடவை வெட்டு விழும். 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இங்கு வசிப்போரும் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருக்கலாம். அதற்கு டெபிட் அட்டை தரும் வங்கிகளும் உண்டு. பெற்றோரின் பயணச் செலவை அதில் போடுங்கள். கடனட்டையால் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க மட்டும் விடாதீர்கள். கட்டணம் ஒருபுறம், முதல் நாளிலிருந்தே வட்டி மறுபுறம்.

வங்கிக்குப் போனால் வாய்வார்த்தையை ஏற்காமல், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்றும் பங்கு எவ்வளவு என்ற வரியைக் கட்டணப் பட்டியலில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால், காலி வீதியில் அடுத்த வங்கி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.