விலாசம் மாறினால் வீடு தொலைந்து போகுமா?



ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மனசு பாதி வீட்டில்தான் இருக்கும். அதிலும் வயதான தாயார் வீட்டில் தனியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கூடத்தில் ஒரு காமிராவை மாட்டி, "அம்மா சாப்பிட்டாளா, படுத்தாளா?" என்று கைபேசியில் பார்த்துக் கொள்வது இப்போது எத்தனையோ வீடுகளில் வழக்கமாகி விட்டது. காலையில் தெரிந்த படம் திடீரென்று மத்தியானம் தெரியாமல் போனால்? நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். முதலில் அம்மாவுக்கு ஒரு போன் செய்து குரலைக் கேட்டு விடுங்கள். மற்றதை வீட்டுக்குப் போய் நிதானமாகக் கவனிக்கலாம். பல சமயங்களில் மாறியிருப்பது வீட்டின் விலாசம்தான்!

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. ஐ.பி. விலாசம் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் அதை நமக்குச் சாசுவதமாகப் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. கரண்ட் போய் வந்தால்கூட மாறிவிடலாம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்ற முறையை 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். எண் மாறும் போதெல்லாம் பெயருக்கு நேரே புது எண்ணை எழுதி வைக்கும் ஏற்பாடுதான் டைனமிக் டி.என்.எஸ். "எண் மாறிவிட்டது" என்று தகவல் அனுப்புவது, வீட்டு வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியின் பொறுப்பு.

கோளாறு வந்தால் பெட்டியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஒரு காகிதத்தை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள்.

முதல் எண், வெளி உலகம் காணும் எண். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, ஐ.பி. விலாசம் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் தெரியும். இரண்டாவது, ஃபயர்வால் தன்னுடையது என்று நினைத்திருக்கும் எண். அதன் அமைப்புகளில் 'வான்' என்ற பக்கத்தில் இருக்கும். மூன்றாவது, உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் எண். கம்ப்யூட்டரில் 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளையோடு பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் சொல்லும்.

இனி ஒத்துப் பாருங்கள்.

முதல் இரண்டும் ஒன்றாக இருந்து மூன்றாவது மட்டும் வேறாக இருக்கிறதா? தகவல் போய்ச் சேரவில்லை. பெட்டியின் 'லாக்' பக்கத்தைப் படியுங்கள். 'பேட்ஆத்' என்றிருந்தால் பாஸ்வேர்டு தப்பு. 'நோஹோஸ்ட்' என்றால் அந்தப் பெயர் உங்கள் கணக்கில் இல்லை. 'அப்யூஸ்' என்றால் ஓயாமல் தொந்தரவு செய்ததால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். 'குட்' என்றிருந்தால் தகவலை ஏற்றுக்கொண்டாயிற்று. பழைய எண் மறக்கச் சில நிமிஷம் பொறுங்கள்.

இரண்டாவது எண் 192.168 என்று தொடங்குகிறதா? உங்கள் ஃபயர்வால், கம்பெனி வைத்த இன்னொரு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பாவம், அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்ணை ஊருக்கெல்லாம் அறிவித்துக் கொண்டிருக்கும்! கம்பெனிப் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டும் சரியாகி விடும்.

100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் விஷயம் வேறு. பல வீடுகள் ஒரே வெளி எண்ணைப் பங்கு போட்டுக் கொள்வதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. இங்கே டைனமிக் டி.என்.எஸ்ஸை எவ்வளவு திருகினாலும் பிரயோசனமில்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு பொது எண் தருவார்களா என்று கம்பெனியைக் கேளுங்கள்.

மூன்றும் ஒன்றாக இருந்தும் படம் வரவில்லையா? பெயரின் மீது குற்றமில்லை. வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் சொந்த இணையத்தில் பாருங்கள். சில பெட்டிகள் வீட்டுக்குள்ளிருந்து வாசல் வழியாகச் சுற்றி வர விடமாட்டா. அப்போதும் வராவிட்டால் காமிராவையும், அதற்கு வழிவிடும் விதியையும் சோதியுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நமக்குத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதான். 2016 அக்டோபர் 21-ந் தேதி, 'டைன்' என்ற அமெரிக்க டி.என்.எஸ். கம்பெனியை 'மிராய்' என்ற விஷமம் தாக்கி, ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. அதற்குப் படையாகப் போனவை எவை தெரியுமா? தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட காமிராக்களும் வீட்டுப் பெட்டிகளும்! ஆகவே அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். காமிராவை நேராக வெளியே காட்டாமல், ஃபயர்வாலின் வி.பி.என். வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். அம்மாவின் படம் மகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?

எழுதிய காகிதத்தைத் தூக்கி எறியாமல், தேதி போட்டு மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை பழுது பார்க்க வருபவர் ஏதேதோ சொல்லிப் புதுப் பெட்டியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், அந்த மூன்று எண்களைக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அப்புறம் அவர் பேச்சே வேறு மாதிரி இருக்கும்!